மாதம் ஒரு புத்தகம்: எங்கள் வாசிப்புக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரமாகச் சிதறிக் கிடக்கிறவர்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படிக்கும் வாட்ஸ்அப் குழு இது. பிழைப்புக்காகத் துபாய்க்கும் திருப்பூருக்கும் போனவர்களும் இருக்கிறார்கள். மாதக் கடைசி ஞாயிறு இரவு எல்லாரும் கூகுள் மீட்டில் கூடிப் பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாதி குழுவின் வழக்கம், பாதி என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

இந்த மாதம் என்ன புத்தகம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஓட்டுப் போடுவோமா?

ஓட்டு கிடையாது. முறைதான். மாதம் ஒருவர் முறை. அவர் சொல்வதை எல்லாரும் படிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைப்பது ஒரு நிமிட வேலை, எனக்கும் தெரியும். ஆனால் அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் யார்? பகலில் போனைக் கையில் வைத்திருப்பவர்கள். கடலுக்குப் போனவரும், கருவாடு காயப்போட்டுவிட்டு வெயிலில் காவல் இருப்பவரும் பார்ப்பதற்குள் முடிவு வந்துவிடும். ஜெயிப்பதும் ஏற்கனவே எல்லாரும் பெயர் கேள்விப்பட்ட புத்தகமாகத்தான் இருக்கும்: ராஜா ராணிக் கதை, இல்லையென்றால் 'வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி' வகை. இரண்டையும் குறை சொல்லவில்லை. அதைப் படிக்க ஒரு குழு எதற்கு?

முறை வைத்தால் நாம் கனவிலும் எடுத்திருக்காத புத்தகம் கைக்கு வரும். மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் பார்க்கும் அக்கா ஒருவர் தன் முறைக்கு ஒரு துப்பறியும் நாவலைச் சொன்னார். இலக்கியம் படிக்கிறவர்கள் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். ஆனால் வழக்கமாக வாயே திறக்காதவர்கள் அந்த மாதம்தான் பேசினார்கள். கொலைகாரன் யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக நான்கைந்து பேர் அடித்துச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆளைச் சொன்னார்கள். அக்கா மட்டும் கடைசி வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

முறை வந்தவர் சொல்வதை மறுக்கவே முடியாதா?

ஒரே ஒரு காரணத்துக்கு மறுக்கலாம்: புத்தகம் கிடைக்கவில்லை. அச்சில் இல்லை, நூலகத்தில் இல்லை, சட்டப்படி இணையத்திலும் இல்லை என்றால் அடுத்ததைச் சொல்லச் சொல்வோம். அதனால்தான் முறை வந்தவர் மூன்று பெயர் தர வேண்டும். "எனக்குப் பிடிக்காது" என்பது காரணம் ஆகாது. பிடிக்காததைப் படித்துவிட்டு ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல வாருங்கள், அந்தக் கூட்டம் நன்றாகப் போகும்.

என் முறை வருகிறது. எனக்கு எழுத்தாளர் பெயர்கூட அதிகம் தெரியாது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர் தெரிய வேண்டியதில்லை. ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்கோ, உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கோ ஒரு நடை போங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளி மட்டுமே ஓய்வாக இருக்கும் கீழக்கரைக்காரர்களுக்கு இது பெரிய மனக்குறை. அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்து முதல் ஐந்து பக்கம் படியுங்கள். அப்புறம் நடுவில் எங்காவது பிரித்து இரண்டு பக்கம். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள். நடுப்பக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கேயும் உங்களை நிறுத்திப் பிடித்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தடிமன். ஒருவர் நாளைக்குப் பத்துப் பக்கம் வீதம் மாதத்தில் இருபத்தைந்து நாள் படித்தால் 250 பக்கம். நல்லது கெட்டது, மழை புயல், கல்யாணம் காதுகுத்து எல்லாம் கழித்தால் 200 பக்கம்தான் நியாயம். சிறுகதைத் தொகுப்பு என்றால் முழுவதும் வேண்டாம், ஆறேழு கதைகளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

பிறகு எழுத்தின் அளவைப் பாருங்கள். மலிவுப் பதிப்பு என்று பொடி எழுத்தில் நெருக்கி அடித்த புத்தகத்தைக் குழுவில் உள்ள பெரியவர்களால் படிக்க முடியவில்லை. எத்தனை ரூபாய் என்று பார்ப்பது போலவே இதையும் பார்க்க வேண்டும். கூச்சப்படாமல் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, "இதைக் கண்ணாடி போட்டால் படிக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

பரிசு வாங்கிய புத்தகமா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. சாகித்திய அகாதமி பட்டியல் நல்ல வழிகாட்டிதான். கடலோரத்து எழுத்து என்றே எடுத்துக்கொண்டாலும் 1997-இல் தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி', 2013-இல் ஜோ டி குரூஸின் 'கொற்கை' என்று இரண்டு நாவல்கள் அதில் இருக்கின்றன. ஆனால் 'கொற்கை' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அதை ஒரு மாதத்துக்கு வைத்தால் அடுத்த மாதம் குழுவில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள்.

அப்படியானால் பெரிய நாவல்களைப் படிக்கவே மாட்டோமா?

படிப்போம், மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்களுக்கு வேலை இருக்கும். ஆனாலும் ஊரே கொஞ்சம் மெதுவாகும் காலம் அது, பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும். அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடிப் புத்தகம். தடைக்காலம் என்றால் வருமானம் இல்லாத காலம் என்பதும் நினைவிருக்கட்டும்: அப்போது விலை கொடுத்து வாங்க வேண்டிய புத்தகத்தை வைக்காமல் நூலகத்தில் கிடைப்பதையோ இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையோ வையுங்கள்.

'பொன்னியின் செல்வன்' வைக்கலாமா என்று வருஷா வருஷம் ஒருவர் கேட்கிறார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை, ஐந்து பாகம். நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு தடைக்காலத்துக்கு முதல் பாகம் மட்டும் வைக்கலாம். மிச்சத்தை முடிக்காமல் எவரும் விடமாட்டார்கள், அதற்குக் குழு தேவையில்லை.

கடலைப் பற்றிய புத்தகங்களுக்குத்தான் முன்னுரிமையா?

இல்லை. வருஷத்துக்கு இரண்டு போதும் என்பது என் கட்சி.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த 'செம்மீன்' இவை மூன்றும் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம்; மூன்றும் கைக்கு அடக்கமானவை. ஆனால் கடல்காரர்கள் கடல் புத்தகத்தை வாசகராகப் படிப்பதில்லை, பரிசோதகராகப் படிக்கிறார்கள். ஒரு நாவலில் கதாநாயகன் வாடைக்காற்று அடிக்கிற மாதத்தில் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு வடகடலுக்குள் தனியாகப் போவதாக வந்தது. பாம்பன்காரர் ஒருவர் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இந்தக் காத்துல எந்தக் கிறுக்கன் போவான்? அவன் காதலி அழறதுக்கு முன்னாடி சம்மாட்டி அழுவான்" என்றார். சம்மாட்டி என்றால் படகு முதலாளி. அன்றைக்குக் கூட்டம் முழுக்கக் காற்றைப் பற்றியே போனது. கேட்க அருமையாகத்தான் இருந்தது, நாவலைத்தான் காணோம்.

அதே ஆள் கரிசல் காட்டுக் கதை ஒன்றைப் படித்தபோது மழைக்காக வானத்தைப் பார்த்து நிற்கும் சம்சாரியைப் பற்றி நிதானமாக, நெஞ்சில் படும்படி பேசினார். தெரியாத ஊரில் அவருக்கு எதையும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

தனுஷ்கோடி பற்றி?

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலையும், கடல் கொண்டுபோன பயணிகள் ரயிலையும் வைத்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 'பேய் நகரம்' என்று அட்டையில் போட்டிருந்தால் எடுக்காதீர்கள். அங்கே இன்றைக்கும் மீன் பிடிக்கிறவர்களும் கடை போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் பேய் இல்லை. புயலின்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் நம் குழுவிலேயே உண்டு. இந்த மாதிரிப் புத்தகம் வைத்தால் முதலில் அவர்கள் பேசட்டும், மற்றவர்கள் பிறகு.

எனக்குப் படிக்க நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் தேவைப்படும். 'காலையில் ஐந்து மணிக்கு எழுந்து படியுங்கள்' என்று நகரத்து ஆட்கள் எழுதுவது நமக்குச் சரிப்படாது. இங்கே ஐந்து மணிக்கு மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு: கடலுக்குப் புத்தகம் கொண்டுபோகாதீர்கள். வலை கிடக்கிற நேரத்தில் தூங்குவதுதான் வேலை. தூக்கம் கெட்டவன் வலையை இழுக்கும் வின்ச் பக்கம் நிற்கக் கூடாது. நமக்கு எப்படியும் கடலுக்குப் போகிற அனுமதி டோக்கன் தினமும் கிடையாது. கரையில் இருக்கிற நாளில், தூங்கி எழுந்து டீ குடித்த பிறகு, வலைக் கூடத்துக்குப் போவதற்கு முன்னால் அரை மணி நேரம். தங்கச்சிமடத்தில் சிலர் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். நான்கு பேர் வலையைப் பழுது பார்க்க, ஒருவர் படிப்பார். ஊசியும் நூலும் கையில், காது கதையில். கிழிசல் பெரிதாக இருந்தால் அன்றைக்கு இரண்டு அத்தியாயம். படிக்கிறவருக்கு டீ இலவசம்.

ராமநாதபுரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு நேரம் இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். போனில் ரீல்ஸ் ஓடுகிறது, அவ்வளவுதான். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு.

வீட்டு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரே மூச்சில் அரை மணி நேரம் கிடைக்காது. அவர்கள் நாவலை விட்டுவிட்டுச் சின்னக் கதைகள், கட்டுரைகள், கவிதைகள் என்று கேட்டு வாங்குங்கள். புத்தகத்தைப் பீரோவில் வைக்காதீர்கள். அடுப்படி ஜன்னலில் வையுங்கள். குழம்புக் கறை பட்டால் நூலகப் புத்தகமாக இல்லாதவரை பரவாயில்லை.

எல்லாருக்கும் பொதுவான ஒன்று: நேரத்தைக் கணக்கு வைக்காமல் பக்கத்தைக் கணக்கு வையுங்கள். 'இன்று அரை மணி நேரம்' என்று உட்கார்ந்தால் கண் கடிகாரத்துக்குப் போகும். 'இன்று ஆறு பக்கம்' என்று உட்கார்ந்தால் ஏழாவது தானாக வரும்.

நோன்பு மாதத்தில் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் ஆட்களுக்கு இரவுதான் நேரம். அந்த மாதம் சின்னப் புத்தகம். கடைசிப் பத்து நாளில் கூட்டம் வைப்பதில்லை. ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழா வரும்போதும் தேதியைத் தள்ளிப்போடுவோம்.

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கூட்டத்துக்கு வரலாமா?

வாருங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். முழுவதும் படித்தவர் 'நல்ல நாவல்' என்று சொல்வதைவிட அது பயனுள்ளது. ஆனால் உங்களுக்காக முடிவை யாரும் மறைக்க மாட்டார்கள்.

புத்தகத்தின் பிடிஎஃப்பைக் குழுவில் போடலாமா?

விற்பனையில் இருக்கும் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து விட்டிருந்தால், அதைப் போடக் கூடாது. போட்டால் அட்மின் நீக்கிவிடுவார். தமிழில் பல புத்தகங்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. நம் குழுவே அதில் ஒரு நல்ல பங்கை வாங்கினால் பதிப்பகத்துக்கு அது பெரிய விஷயம்.

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவருக்கும் தனி உரிமை உண்டு. மூலம் பழையது என்பதற்காக அதை எடுத்துப் போட முடியாது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களுடையதை மட்டும் கவலையில்லாமல் பகிரலாம்: பாரதியார், புதுமைப்பித்தன், கல்கி என்று பட்டியல் நீளம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் போய்ப் பாருங்கள். போனில் படிப்பதற்குப் பிடிஎஃப்பைவிட இபப் (EPUB) கோப்பு நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும், பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியதில்லை.

வாய்ஸ் மெசேஜில் படித்து அனுப்பலாமா? எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

நாட்டுடைமைப் புத்தகம் என்றால் தாராளமாக. மற்றவற்றை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கேட்டவரும் கூட்டத்தில் பேசலாம். கதையைக் காதால் கேட்டவர்களுக்குச் சம்பவங்களின் வரிசை எங்களைவிட நன்றாக நினைவிருக்கிறது.

புத்தகம் வாங்கக் காசு இல்லை.

இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை, அட்மினுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு மாதமும் சில பிரதிகள் பொதுவாக வாங்குகிறோம். தெரிந்த கண்டக்டர், மீன் வண்டி, கல்லூரிக்குப் போகிற பிள்ளை என்று யார் கையிலாவது ஊர் ஊராகப் போகும். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்த பிறகு தீவுக்கு ரயிலிலும் போகிறது. தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபால். பதிவுப் புத்தகத் தபாலை நிறுத்தியபோது கைப்பிசைந்து நின்றோம். 2025 மே மாதம் அஞ்சல் துறை ஞான் போஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கொஞ்சம் மெதுவாக வரும். மாதம் பிறக்கும் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

இரவல் வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ராமேஸ்வரத்தில் கலாம் பெயரைச் சொல்லாமல் எதையும் முடிக்க முடியாது, நானும் சொல்லிவிடுகிறேன்: சின்ன வயதில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டு நூலகத்தில் புத்தகம் வாங்கிப் படித்ததை அவர் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். அந்தத் தெருக்களில்தான் நம் புத்தகங்களும் கைமாறுகின்றன.

பழைய இலக்கியம் வைத்தால் யாராவது படிப்பார்களா?

முழு நூலாக வைத்தால் படிக்க மாட்டார்கள். 'சீறாப்புராணம்' கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கியது, 3 காண்டம், 5027 பாட்டு. அதில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை மட்டும் எடுத்தோம். வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்க, நபிகள் பிணை நிற்கும் இடம். கீழக்கரை லாத்தா (அக்கா) ஒருவர் ராகம் போட்டுப் படித்தார். பொருள் விளங்காதவர்களும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள். முதலில் சத்தமாகப் படிப்பு, அப்புறம்தான் உரை. பழம்பாட்டுக்கு அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இலங்கை எழுத்தாளர்களையும் படிக்கிறோமா?

படிக்காமல் எப்படி? தனுஷ்கோடி முனைக்குப் போனால் போனே இலங்கைக்குள் வந்துவிட்டதாகச் சொல்கிறது. வருஷத்தில் ஒரு முறையாவது அக்கரைப் புத்தகம் உண்டு. அச்சில் கிடைப்பது கஷ்டம் என்பதால் 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கும் இணையதளத்தைப் பாருங்கள். 2005 முதல் ஈழத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மண்டபம் அகதிகள் முகாமில் இருந்து வரும் உறுப்பினர்களிடம் "நீங்க எப்ப வந்தீங்க, என்ன நடந்துச்சு?" என்று புத்தகத்தைச் சாக்காக வைத்துத் துருவாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

ஆங்கிலப் புத்தகம்?

தமிழில் வந்திருந்தால் சரி.

கூட்டத்தில் எப்படிப் பேச வேண்டும்?

பக்க எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். 'ஆசிரியர் பெண்களை மட்டமாக எழுதியிருக்கிறார்' என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் வரும். '84-ஆம் பக்கத்தில் இப்படி இருக்கிறது' என்றால் எல்லாரும் புரட்டிப் பார்ப்பார்கள். சாதி, மதம், கட்சி எல்லாம் புத்தகத்துக்குள் இருக்கிற அளவுக்குப் பேசலாம், அதைத் தாண்டினால் அட்மின் வாயை அடைப்பார். கூகுள் மீட் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரத்தில் தானாகவே அறுந்துவிடும். அதனால் முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம், அதிகம் பேசாதவர்களுக்கு முதலில். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள், நாங்களும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

வீட்டில் ஒரே போன்தான், அதுவும் என் மகனிடம் இருக்கும்.

மகனையும் சேர்த்துவிடுங்கள். அல்லது உங்கள் ஊரில் இருக்கும் இன்னொரு உறுப்பினர் வீட்டில் சேர்ந்து உட்காருங்கள். பெண்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள், ஒரு போனில் ஐந்து குரல் கேட்கும்.

வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால்?

உங்கள் முறை கடைசிக்குப் போகும்.

எப்படிச் சேருவது?

ஏற்கனவே குழுவில் இருக்கும் ஒருவர் சொன்னால் போதும். சேர்ந்ததும் பெயர், ஊர், கடைசியாகப் படித்த புத்தகம் மூன்றையும் எழுதுங்கள். கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகம்தான் என்றால் அதையே எழுதுங்கள், அப்படி எழுதியவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் முறை வராது. நான்காவது மாதம் மூன்று பெயர் கேட்பேன்.